ஒரு வாக்கேயக்காரரின் முழுத் தொகுதிக்குச் செம்பதிப்பு: ஏடு முதல் அச்சு வரை

மயிலாப்பூரில் எந்தப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் கீர்த்தனைப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கும். புரட்டினால் ராகம், தாளம், ஸாஹித்யம், ஸ்வரம் எல்லாம் கிடைக்கும். இந்த ஸ்வரம் எந்தச் சுவடியிலிருந்து வந்தது, இந்தச் சொல்லுக்கு வேறு பாடம் உண்டா, பதிப்பாசிரியர் எங்கெங்கே கை வைத்தார் என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அந்த மூன்று கேள்விகளுக்கும் பக்கத்துக்குப் பக்கம் பதில் சொல்லும் புத்தகமே செம்பதிப்பு.

ஐரோப்பாவில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் முழுத் தொகுதி முதன்முறை 1851 முதல் 1900 வரை வெளிவந்தது. அது போதவில்லை என்று 1954-ல் மறுபடி தொடங்கி 2007-ல் முடித்தார்கள். இரண்டாவது பதிப்பில் இசைத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் துணையாகத் தனி ஆய்வறிக்கை உண்டு. அந்த முறையிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. ஆனால் அப்படியே இங்கே இறக்கி வைக்க முடியாது. பாக் தம் கையால் எழுதிய தாள்கள் ஏராளமாக எஞ்சியிருக்கின்றன. நம் வாக்கேயக்காரர்களின் (சொல்லும் இசையும் தாமே அமைத்தவர்களின்) பாடல்கள் சீடர்களின் வாய் வழியாகவும், அந்தச் சீடர்கள் எழுதிவைத்த ஏடு, நோட்டுகள் வழியாகவும் வந்தவை. ஆகவே 'ஆசிரியர் எழுதிய ஒரே சரியான வடிவம்' என்ற இலக்கை வைத்துக்கொண்டு புறப்பட்டால் பாதி வழியிலேயே சிக்கிக்கொள்வீர்கள். ஒவ்வொரு சிஷ்ய பரம்பரையிலும் எட்டக்கூடிய மிகப் பழைய வடிவம் எது என்று கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

தமிழில் இந்த வேலைக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த நாள் முதல் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் (சுவடிக்குச் சுவடி மாறும் வடிவம்) காட்டும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்த ஒழுங்கை ஸ்வரத்துக்கும் கொண்டுவருவது எப்படி என்பதை முத்துஸ்வாமி தீட்சிதரை (1775–1835) உதாரணமாக வைத்துப் பார்ப்போம். அவருக்குச் சொல்லும் முறை தியாகராஜர், சியாமா சாஸ்திரி, கோபாலகிருஷ்ண பாரதி யாருக்கும் பொருந்தும்.

1. எல்லையை எழுதி வையுங்கள்

முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எந்த ஆண்டு வரை வந்த மூலங்களை எடுப்போம், எந்த எழுத்தில் அச்சிடுவோம், ஒலிப்பதிவைச் சாட்சியாக ஏற்போமா, ஐயத்துக்குரிய பாடல்களைச் சேர்ப்போமா. இது இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டில் ஒரு புதிய நோட்டுப் புத்தகம் கைக்கு வரும்போது முடித்த பாடல்களை எல்லாம் மறுபடி பிரிக்க வேண்டிவரும்.

ஆள் குறைந்தது நான்கு பேர். தெலுங்கு, கிரந்த எழுத்துகளும் ஸம்ஸ்கிருத இலக்கணமும் தெரிந்தவர் ஒருவர். ஸ்வரக் குறிப்பைப் படிப்பவர் ஒருவர். அவர் வீணை வாசிப்பவராக இருந்தால் பெரிய பலம், ஏனென்றால் பழைய கமகக் குறிகள் (ஸ்வரத்தின் அசைவைக் காட்டுபவை) பலவற்றின் பொருள் விரலில்தான் விளங்கும். தட்டச்சும் பக்க அமைப்பும் பார்ப்பவர் ஒருவர். இந்த மூவரின் வேலையிலும் பங்கு கொள்ளாத மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்.

முழுத் தொகுதிக்கும் காலக்கெடு சொல்லும் முன் பத்துப் பாடல்களை அச்சு நிலை வரை கொண்டுபோய்ப் பாருங்கள். அந்தப் பத்தில் ஒரு நோட்டுஸ்வரம் (மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாட்டு), ஒரு ராகமாலிகை, மெதுவாகச் செல்லும் நீண்ட சௌக காலக் கீர்த்தனை ஒன்று, பல மூலங்கள் முரண்படும் பாடல் ஒன்று இருக்கட்டும். எளிய பாடல்களை மட்டும் எடுத்தால் கணக்கு பொய்த்துவிடும்.

2. மூலங்களைத் தேடுதல்

சென்னையிலேயே பெரும்பகுதி தொடங்கலாம். சுவடிகளுக்கு அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், அடையாறு நூலகம். தமிழ் ஏடுகளுக்குப் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். பழைய அச்சுப் புத்தகம், பாட்டுப் புத்தகம், பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் எழும்பூர் கன்னிமாரா நூலகமும். இசை நூல்களுக்கு மியூசிக் அகாடமி நூலகம். வெளியூரில் தஞ்சை சரஸ்வதி மகாலைத் தவிர்க்க முடியாது. தியாகராஜர் வேலை என்றால் அவருடைய சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் பரம்பரையின் சுவடிகளுக்காக மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போக வேண்டும்.

நூலகத்துக்குப் போகும் முன் அச்சிட்ட சுவடி அட்டவணையில் எண்களைக் குறித்துக்கொண்டு, பல்கலைக்கழகம் அல்லது ஏதேனும் நிறுவனத்தின் அறிமுகக் கடிதத்தோடு போங்கள். 'தீட்சிதர் பாட்டு' என்ற தலைப்பு அட்டவணையில் இருக்காது. 'கீர்த்தனைகள்', 'கானம்', 'பலவகைப் பாடல்கள்', 'ஸ்தோத்திரம்' என்ற பொதுத் தலைப்புகளுக்குள்தான் அவை ஒளிந்திருக்கும். ஓலையில் எழுத்து தெளிவில்லை என்றால் மை பூசும் வேலையை நூலகப் பணியாளரிடமே விடுங்கள். படம் எடுக்கும்போது ஒளி பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழட்டும். எழுத்தாணிக் கீறல் நிழலோடு எழுந்து தெரியும். ஒவ்வொரு படத்திலும் ஏட்டெண், முன்பக்கமா பின்பக்கமா என்ற குறி, ஓர் அளவுகோல் மூன்றும் வர வேண்டும்.

தீட்சிதருக்கு அச்சு மூலங்களில் தலையாயது சுப்பராம தீட்சிதரின் ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி. எட்டயபுரத்தில் 1904-ல் தெலுங்கு எழுத்தில் அச்சானது. அதில் முத்துஸ்வாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் 229, கமகக் குறிகளோடு. அடுத்து, கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் தமிழில் கொண்டுவந்த தீட்சிதர் கீர்த்தன மாலை வரிசை. 229-ல் இல்லாத பல பாடல்கள் இதன் வழியாகவே பரவின. மூன்றாவது, தீட்சிதரிடம் கற்ற நான்கு சகோதரர்களான தஞ்சை நால்வரின் குடும்பத்து வழி. இவற்றுக்குப் பிறகே தனியார் வீட்டு நோட்டுகளும் ஒலிப்பதிவுகளும்.

வித்வான்களிடம் பாடாந்தரம் (அவரவர் குரு வழியில் வந்த பாடல் வடிவம்) பதிவு செய்ய மார்கழியில் நேரம் கேட்காதீர்கள். கோடையில் பலர் வெளிநாட்டில் இருப்பார்கள். ஆடியும் ஆவணியும் நல்ல மாதங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத கோப்பாகப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் சுருதி, தேதி, யாரிடம் எந்த ஆண்டு கற்றது என்பதைப் பாடகரின் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள். அச்சிட ஒப்புதலைக் கையெழுத்தாக அன்றே வாங்கிவிடுங்கள்.

3. முதற்குறிப்புப் பட்டியல்

ஒரு பாடலுக்கு ஒரு வரி. பத்தி தலைப்புகள்: நிரந்தர எண், முதற்குறிப்பு (பாடலின் தொடக்கச் சொற்கள்), மூலத்தில் உள்ள ராகப் பெயர், இன்றைய பெயர், மூலத்தில் உள்ள தாளம், தலம், முத்திரை (பாடலுக்குள் வரும் ஆசிரியர் அடையாளச் சொல்), மூலம், பக்கம் அல்லது ஏடு.

நிரந்தர எண்ணை அகரவரிசைப்படி கொடுக்காதீர்கள். ஒரு புத்தகத்தில் 'ஸ்ரீ' சேர்ந்து தொடங்கும் பாடல் இன்னொன்றில் 'ஸ்ரீ' இல்லாமல் தொடங்கும். வரிசை முழுவதும் குலையும். சந்தேகமான இடங்களில் இரு வடிவங்களையும் பட்டியலில் போட்டு ஒரே எண்ணுக்கு அனுப்புங்கள்.

ராகப் பெயரை மாற்றவே கூடாது. ப்ரதர்சினி பின்பற்றும் 72 ராகாங்க ராக முறை இன்று பாடசாலையில் சொல்லும் மேளகர்த்தா பெயர்களிலிருந்து வேறுபடும். 20-வது நாரீரீதிகௌளை, நடபைரவி அல்ல. 22-வது ஸ்ரீராகம், கரஹரப்ரியா அல்ல. 28-வது ஹரிகேதாரகௌளை, 51-வது காசிராமக்ரியா. 'எல்லோருக்கும் புரியட்டும்' என்று இன்றைய பெயரைப் போட்டுவிட்டால் இன்றைய ராகத்தின் ஆரோகண அவரோகணமும் பின்னாலேயே நுழைந்துவிடும்; அப்புறம் பழைய பிரயோகங்கள் எல்லாம் பிழையாகத் தோன்றும். இன்றைய பெயர் குறிப்புரையில் வரட்டும்.

4. படி எடுத்தல்: இரண்டு கோப்புகள்

முதல் கோப்பில் கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். பிழை என்று தெரிந்தாலும் திருத்தாதீர்கள். திருத்தங்கள் எல்லாம் இரண்டாவது கோப்பில் மட்டும். ஒரே கோப்பில் இரண்டையும் செய்த பதிப்புகளில், ஐந்து ஆண்டு கழித்து எது ஏட்டில் இருந்தது, எது திருத்தியது என்று செய்தவருக்கே தெரியாது.

ஒரே மூலத்தை இருவர் தனித்தனியாகப் படியெடுத்து ஒப்பிட்டால் பெரும்பாலான கண்பிழைகள் அகப்படும். எங்கே கண் சறுக்கும் என்பதும் ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். தமிழ் ஓலையில் புள்ளி இருக்காது. ரகரமும் காலும் ஒரே உருவம். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் கிடையாது. தெலுங்கு அச்சில் தகர வரிசையின் இரண்டாம், நான்காம் எழுத்துகள் ஒரு சிறு குறியில்தான் பிரியும். மகரமும் யகரமும் மங்கிய அச்சில் மயங்கும். ஸ்வரத்தில் அடிக்கடி நடப்பது வேறு: இரண்டு ஸங்கதிகள் (ஒரே வரியின் வளர்ந்த வடிவங்கள்) ஒரே பிடியில் தொடங்கினால், எழுதுபவரின் கண் முதல் ஸங்கதியிலிருந்து மூன்றாவதுக்குத் தாவிவிடும். ஒரு மூலத்தில் மட்டும் ஸங்கதி குறைவாக இருந்தால், அது தனிப் பாடாந்தரம் என்று முடிவு கட்டும் முன் இந்தத் தாவலைச் சோதியுங்கள்.

ஸம்ஸ்கிருத ஸாஹித்யத்தைத் தமிழ் எழுத்தில் கொடுப்பதானால் ஒலியைப் பிரித்துக் காட்டும் சிறு எண்கள் கட்டாயம். 'வாதாபி க³ணபதிம் ப⁴ஜேஹம்' என்று போட்டால்தான் முதல் சொல்லின் தகரம் வல்லொலி, அடுத்த சொல்லின் ககரம் மெல்லொலி என்று தெரியும். எண் இல்லாத புத்தகத்தில் கற்றவர்கள் 'வாதாபி'யின் தகரத்தையும் குழைத்தே பாடுகிறார்கள்.

5. மாத்திரை எண்ணுதல்

ஒரு பாடலின் ஸ்வரத்தைக் கேட்டுப் பார்ப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள். குறில் ஸ்வரம் 1, நெடில் 2, காற்புள்ளி 1, அரைப்புள்ளி 2. மேலே ஒரு கோடு இருந்தால் பாதி, இரண்டு கோடு என்றால் கால். 'ஸா ; ரீ , க' என்பது 2 + 2 + 2 + 1 + 1 = 8. எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வைத்தால் ஆதி தாள ஆவர்த்தனம் 32, சதுச்ர ரூபகம் 24, மிச்ர ஜம்பை 40. விரிதாளில் ஒரு சூத்திரம் போட்டுவிட்டால் பொருந்தாத ஆவர்த்தனம் தானாகச் சிவக்கும்.

சிவந்ததெல்லாம் பிழை அல்ல. எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) தள்ளியிருந்தால் முதல் ஆவர்த்தனம் குறைவாகத்தான் காட்டும். அந்தக் குறை அங்கத்தின் (பல்லவி, அனுபல்லவி போன்ற பகுதியின்) கடைசி ஆவர்த்தனத்தில் ஈடாகிறதா என்று பாருங்கள். ஈடாகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: காற்புள்ளி விழுந்துவிட்டது, மேற்கோடு ஒரு ஸ்வரம் நீண்டோ குறுகியோ அச்சாகிவிட்டது, அல்லது தாளப் பிரிவைக் காட்டும் கோடு இடம் மாறிவிட்டது. பழைய புத்தகத்தில் பிழை திருத்தப் பட்டியல் இருக்கிறதா என்று முன்பே தேடியிருந்தால் இந்தத் தொல்லையில் கொஞ்சம் குறையும்.

6. மூலங்களுக்குள் உறவு

ஐந்து புத்தகங்கள் ஒரே பாடத்தைச் சொன்னால் ஐந்து சாட்சிகள் என்று எண்ணிவிடுவது இந்த வேலையில் மிகச் சாதாரணமான சறுக்கல். அவற்றில் நான்கு, முதல் புத்தகத்தைப் பார்த்து அச்சிட்டவையாக இருக்கலாம். ப்ரதர்சினியை மியூசிக் அகாடமி தமிழ் எழுத்தில் ஐந்து பாகங்களாகக் கொண்டுவந்தது. படிப்பதற்குப் பேருதவி, ஆனால் தெலுங்கு மூலம் கையில் இருக்கும்போது அது தனிச் சாட்சி ஆகாது.

உறவைக் கண்டுபிடிக்கச் சரியான பாடங்கள் உதவா. பொதுப் பிழைகளே உதவும். இருவர் தனித்தனியாகச் சரியாக எழுதியிருக்கலாம். ஒரே இடத்தில் ஒரே அபத்தமான எழுத்துப் பிழையை இருவரும் செய்திருந்தால், ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார், அல்லது இருவருக்கும் மூலம் ஒன்று. இப்படி ஏழெட்டு இடங்கள் சேர்ந்தால் மூலங்களின் வம்சாவளி மரம் வரையலாம். மரத்தில் கையில் உள்ள இன்னொரு மூலத்தின் கிளையாக நிற்பவை பாடபேதத்தில் வாக்குப் பெறாது.

7. எது பிழை, எது பாடாந்தரம்

வேலையின் இதயம் இதுதான். வேறுபாடுகள் மூன்று வகை. முதலாவது, எழுதியவர் அல்லது அச்சுக் கோத்தவரின் பிழை. இரண்டாவது, ஒரு பரம்பரை உண்மையாகவே அப்படிப் பாடியது. மூன்றாவது, பிற்காலத்தில் மேடையில் வளர்ந்தது. மூன்றையும் ஒரே தராசில் போடக்கூடாது.

பிழையை அறியச் சில உறுதியான கருவிகள் உண்டு. ஸாஹித்யத்தில் முதல் கருவி பிராசம், அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை. 'வாதாபி' என்று பல்லவி தொடங்க, அனுபல்லவி 'பூ⁴தாதி³' என்று தொடங்குகிறது; இரண்டிலும் இரண்டாம் எழுத்து தா. அனுபல்லவியின் பின்பாதி 'வீதராகி³ணம்', அங்கேயும் தகரம். இந்த இடத்தில் ஒரு நோட்டு வேறு எழுத்தைக் காட்டினால் நோட்டையே சந்தேகிக்க வேண்டும். அடுத்தது வேற்றுமை உருபு. கமலாம்பா நவாவரணம் போல விபக்தி வரிசையில் அமைந்த பாடல்களில் ஒரு விகுதி மாறினாலே திட்டம் முறியும். ஆனால் இலக்கணத்தைக் கருவியாகப் பிடிக்கும்போது கை நடுங்க வேண்டும்: எல்லா மூலங்களும் ஒன்றுபட்டுச் சொல்லும் ஒரு பிரயோகத்தை 'இலக்கணப்படி தவறு' என்று மாற்றினால், திருத்தப்படுவது தீட்சிதர். அதைக் குறிப்புரையில் மட்டும் சொல்லுங்கள்.

ஸ்வரத்தில் அதிகம் காணாமல் போவது ஸ்தாயிப் புள்ளி, அதாவது மேல் ஸ்தாயியா கீழ் ஸ்தாயியா என்று காட்டும் புள்ளி. திடீரென்று ஒரு ஸ்வரம் மட்டும் ஸ்தாயி விட்டு விழுந்தால் புள்ளி உதிர்ந்ததோ என்று தோன்றும். தீட்சிதர் பாட்டில் தாட்டு (இடை ஸ்வரங்களைத் தாண்டிப் பாய்வது) உண்டு என்பதால் விழுந்ததாலேயே பிழை ஆகிவிடாது. பக்கத்தில் ஏற்ற ஜாருக் குறி (கீழிருந்து மேலே வழுக்கிச் செல்வதைக் காட்டுவது) இருக்கிறதா பாருங்கள். மேலே போகச் சொல்லும் ஜாரு கீழே உள்ள ஸ்வரத்தில் முடிந்தால் அங்கே தாரஸ்தாயிப் (மேல் ஸ்தாயிப்) புள்ளி உதிர்ந்திருக்கிறது. ப்ரதர்சினியின் கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒடுக்கல், ஓரிகை, ஜாரு ஆகிய குறிகள் அழகுக்காக மட்டும் போட்டவை அல்ல. பாடத்தைத் தீர்மானிக்கும் சாட்சிகளும் அவையே. அவற்றை விட்டுவிட்டு வெறும் ஸ்வரத்தை மட்டும் படியெடுப்பவர் இந்தச் சோதனையை இழக்கிறார்.

அரிய பிரயோகமும் பழகிய பிரயோகமும் மோதினால், மாத்திரைக் கணக்கு சரியாக இருக்கும் வரை அரியதைப் பிடியுங்கள். பழகாத ஸ்வரக்கோர்வையைப் பழகியதாக மாற்றி எழுதுவது கைக்கு இயல்பு. பழகியதை யாரும் அரியதாக மாற்றி எழுதுவதில்லை.

இனி பாடாந்தரம். இரு பரம்பரைகள் உண்மையாகவே வேறுபட்டால் இரண்டையும் முழுதாக, மேலும் கீழுமாக அச்சிடுங்கள். பல்லவியை ஒன்றிலிருந்தும் அனுபல்லவியை இன்னொன்றிலிருந்தும் எடுத்து 'சிறந்த வடிவம்' தயாரிக்காதீர்கள். அப்படி ஒன்றை எந்தக் குருவும் சொல்லிக் கொடுத்ததில்லை, எந்தச் சீடரும் பாடியதில்லை. ஆனாலும் நல்ல அச்சில் வந்துவிட்டால் அடுத்த தலைமுறை அதையே தீட்சிதர் வடிவம் என்று பாடும். எழுத்துப் பிழையை அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். இந்தக் கலப்பு காதுகளில் ஏறிவிட்டால் திரும்பப் பிரிப்பது மிகக் கடினம்.

மேடையில் வளர்ந்தவை பின்னிணைப்புக்குப் போகட்டும். 'வாதாபி'க்கு இன்று பாடும் அடுக்கு ஸங்கதிகளைப் பாடகர் மகா வைத்தியநாத ஐயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அவை அழகானவை, பதிவாக வேண்டியவை. மூல வரியில் இடம் பெற வேண்டியவை அல்ல.

8. பாடபேதக் குறிப்பு

ஒவ்வொரு மூலத்துக்கும் ஓரெழுத்துப் பெயர் கொடுங்கள்: அ, ஆ, இ. குறிப்பின் வடிவம் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும்: இடம், ஏற்ற பாடம், சதுர அடைப்பு, ஏற்ற மூலங்கள், பிறகு மாற்றுப் பாடமும் அதன் மூலமும். வடிவத்தைக் காட்ட ஒரு மாதிரி:

அனுபல்லவி, 2-ஆம் ஆவர்த்தனம், 5-ஆம் எண்ணிக்கை: க ரி ஸா] அ, ஆ; க ரீ ஸ இ.

'சில பிரதிகளில்', 'ஒரு பழைய நோட்டில்' என்று எழுதாதீர்கள். எந்தப் பிரதி என்று எழுதுங்கள். எந்த மூலத்திலும் இல்லாமல் பதிப்பாசிரியர் ஊகித்துத் திருத்தியதற்குத் தனிக் குறி இருக்கட்டும், அந்தக் குறி மூல வரியிலேயே தெரியட்டும்.

9. ஐயத்துக்குரியவை

'குருகுஹ' முத்திரை மட்டும் சான்று ஆகாது; யாரும் அந்தச் சொல்லைப் போட்டு எழுதலாம். நவக்கிரகக் கீர்த்தனைகள் நல்ல பாடம். சூரியன் முதல் சனி வரை ஏழு பாடல்கள், துருவம் முதல் ஏகம் வரை சூளாதி தாளங்கள் ஏழும் வரிசையாக. இந்த ஏழோடு அமைப்பு நிறைவாகிவிடுகிறது. ராகு, கேதுப் பாடல்கள் இரண்டும் மறுபடி ரூபகத்தில் வருகின்றன. ப்ரதர்சினியில் அவை இல்லை. இதை வைத்து 'போலி' என்று தீர்ப்பு எழுத வேண்டாம். தனிப் பகுதியில் முழுச் செம்மையோடு அச்சிட்டு, முதலில் அச்சில் கண்ட இடம், தாள அமைப்பு, ராகப் பெயர் எந்த முறையைச் சேர்ந்தது என்ற சான்றுகளை அருகில் வையுங்கள்.

நோட்டுஸ்வரங்களுக்கும் தனிப் பகுதி வேண்டும். 'ஸந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. அங்கே ஸாஹித்யத்துக்கு ஒரு மூல மரபு, மெட்டுக்கு முற்றிலும் வேறொரு மரபு.

10. எழுத்துரு, உரிமை, மெய்ப்பு

தமிழில் தாரஸ்தாயிக்கு மேலே புள்ளி வைத்தால் ககரம் 'க்' போலவே தெரியும். தட்டச்சு செய்பவர்கள் வசதிக்காக உண்மையாகவே மெய்யெழுத்தைப் போட்டுவிடுவார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. தேடும்போதும் மாத்திரை எண்ணும்போதும் எல்லாம் குழம்பும். யூனிகோடில் மேற்புள்ளிக்கு 0307, கீழ்ப்புள்ளிக்கு 0323, மேற்கோட்டுக்கு 0305. ரி, நி இரண்டிலும் இகரக் கொக்கியோடு புள்ளி மோதுகிறதா என்று எழுத்துருவை முதலிலேயே அச்சிட்டுப் பாருங்கள். வரி எண்ணோடு பல அடுக்கு அடிக்குறிப்பு போட, பக்க அமைப்பு மென்பொருளான லேடெக்ஸின் ரெல்எட்மேக் பொதி போதும்.

இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை. தீட்சிதருக்கும் 1904 புத்தகத்துக்கும் தடை இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் ஒருவர் ஸ்வரப்படுத்தியதைச் சேர்க்கும்போது அவர் மறைந்த ஆண்டைப் பார்த்து, தேவையானால் குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

மெய்ப்பு நான்கு சுற்று. எழுத்து ஒரு சுற்று, மாத்திரைக் கணக்கு ஒரு சுற்று, பாடபேதக் குறிப்பின் இடக் குறியீடுகள் ஒரு சுற்று. நான்காவது, பாடிப் பார்க்கும் மெய்ப்பு. ஒருவர் அச்சுப் படியைப் பார்த்துப் பாட, இன்னொருவர் மூலத்தில் விரல் வைத்துத் தொடர வேண்டும். பாடுபவருக்கு அந்தப் பாட்டு தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தவர் அச்சில் விடுபட்டதையும் தம் பாடாந்தரத்திலிருந்து நிரப்பிப் பாடிவிடுவார். பிழை அப்படியே புத்தகத்துக்குள் போகும்.

அச்சான பின் முதல் கோப்பு, அதாவது கண்டபடி எழுதிய படிகள், படங்களோடு ஒரு நூலகத்தில் வைக்கப்பட வேண்டும். புத்தகத்தின் முகப்பில் பதிப்பு எண்ணும் தேதியும், கடைசியில் திருத்தங்களுக்காக ஒரு வெற்றுப் பக்கமும் விடுங்கள். வாசகர் கண்டுபிடித்து அனுப்பும் பிழை ஒவ்வொன்றையும் நிரந்தர எண், அங்கம், ஆவர்த்தனம், எண்ணிக்கை என்ற அதே ஒழுங்கில் பதிந்துவந்தால் இரண்டாம் பதிப்புக்கான பட்டியல் தயாராகவே இருக்கும்.